அக்கா கண்ட கிணறு

நான்கு மாதமாக அக்கா வாசலைத் தாண்டவில்லை. மறதி நோய் முற்றிவிட்டது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் நோயில்லை, நான்தான். அதை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். கூடவே, ஜெயித்ததைக் கொஞ்சம் பீற்றிக்கொள்ளவும் ஆசை.

பழங்காநத்தத்து வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான். இரண்டு பேருக்கும் கணவர் இல்லை. அக்கா கொட்டாம்பட்டிப் பக்கம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதன்பின் தினமும் காலையில் கண்மாய்க் கரையில் நடப்பாள். முக்குளிப்பான் எத்தனை, நாமக்கோழி எத்தனை என்று வந்து ஒப்பிப்பாள். மறதி வந்தபின் பறவைகளின் பெயர் போயிற்று, என் பெயரும் போயிற்று. நடை மட்டும் போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள், ஒருநாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏண்டி, கெணத்துல தள்ளப் பாக்குறியா?"

"எந்தக் கெணறுக்கா? சும்மா வா."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வாசல் நிலையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அழுதாள். வீம்பு என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

சென்னையிலிருந்து அவள் மகன் போன் செய்தான். "சித்தி, மாசக் கடைசில வந்து அம்மாவக் கூட்டிட்டுப் போறேன். வெளிய வரப்போறதில்ல, எங்க இருந்தா என்ன?" அவன் வீடு பதினோராவது மாடியில். அங்கே போனால் அக்காவின் காலில் மண்ணே படாது. எங்கே இருந்தால் என்னவாம்! "ஒங்கம்மாவக் கண்மாய்க் கரையில நடத்திக் காட்டுறேன், அப்புறம் பேசு" என்றேன். "நடந்தா நான் வாயத் தொறக்கல சித்தி" என்றான். வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் கொல்லைப்புறத்தில் வாசல் கால்மிதியை அலசிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து பார்த்தால் அக்காவைக் காணோம். தெருவில் நின்று எதிர்வீட்டு முருங்கைப் பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதறிப்போய் ஈரக் கால்மிதியை வாசலில் போட்டுவிட்டு ஓடி, அவளைத் திருப்பிக் கூட்டிவந்தேன். வாசலில் நின்றுவிட்டாள். "கெணறு" என்றாள். கால்மிதியை எடுத்தேன், உள்ளே வந்தாள். போட்டேன், நின்றாள்.

வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று பழைய சாக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, நான்கு மாதத்துக்கு முன் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய கருப்பு ரப்பர் மிதி அது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டிருக்கிறேன். டாக்டரிடம் கேட்டால், "தரையில கருப்பா எது கெடந்தாலும் இவுங்களுக்குக் குழியாத் தெரியலாம்மா" என்கிறார். அன்று அவள் கையைப் பிடித்து இழுத்ததை நினைத்து ராத்திரி முழுக்க அழுதேன்.

மறுநாளே ஆட்டோவில் கண்மாய்க்குப் போனோம். கரைக்கு ஏறும் வாசலில் புதிதாக நாலடி அகலத்துக்குப் பளபளவென்று கருப்பு டைல்ஸ் பதித்திருந்தார்கள். அக்கா நின்றுவிட்டாள். சரி, கருப்புதானே வியாதி, வெள்ளையாக்கிவிடலாம் என்று அடுத்த நாள் விடியற்காலையில் கோலமாவோடு போய், இடம் விடாமல் பெரிய சிக்குக் கோலம் போட்டேன். பிறகு அக்காவைக் கூட்டிவந்தேன். அக்கா கோலத்தைப் பார்த்து முகம் மலர்ந்தாள். ஆனால் காலை வைக்கவில்லை.

"கோலத்தப் போயி மிதிக்கச் சொல்றியே, வெவரங்கெட்டவளே!"

அவள் சொன்னதும் நியாயம்தானே. எனக்கே அது உறைக்கவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏக்கா, இம்புட்டுப் பாடு எதுக்கு? கரை மண்ண அள்ளிப் போட்டாப் போச்சு" என்று சொல்லி, அவரே நாலு சட்டி செம்மண்ணைக் கொட்டி நிரவிவிட்டார். அக்கா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்ணில் கால் வைத்தாள். அடுத்த காலையும் வைத்தாள். பிறகு பின்னால் பார்க்காமல் கரையில் ஏறிவிட்டாள். நான் கைதட்டிய தட்டில் கொக்கெல்லாம் பறந்தது. வெட்கமாகவே இல்லை.

வாட்ச்மேன் இன்றும் தினமும் காலையில் மண் போடுகிறார். தட்டுத் தடுமாறி நிற்கும் தன் அப்பாவை இன்னொரு பெண்ணும் அந்த வழியாகக் கூட்டிவருகிறாள்.

மாசக் கடைசியில் அக்கா மகன் பெரிய பெட்டியோடு வந்து இறங்கினான். அம்மா துணிமணிகளுக்கென்று காலியாகக் கொண்டுவந்த பெட்டி. அதை அப்படியே வைத்துவிட்டு வா என்று கண்மாய்க்குக் கூட்டிப்போனேன். அக்கா முன்னால் நடந்தாள். செம்மண்ணைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், புங்கமரத்து நிழல் கரைக்குக் குறுக்கே கருகருவென்று விழுந்திருந்தது. கால்மிதிக் கதையை நான் அவனிடம் போனிலேயே சொல்லியிருந்தேன். "அம்மா, நில்லு!" என்று கத்திக்கொண்டு ஓடி, நிழலின் விளிம்பில் அவளை மறித்து நின்றான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். யாரென்று தெரிந்ததோ இல்லையோ, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெழலுதாண்டா. பயப்படாம வா."

அவனை இழுத்துக்கொண்டு நிழலுக்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறினாள். அவன் வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் காலிப் பெட்டியோடு தனியாக ரயில் ஏறினான்.