அப்பாவின் தலையில் விழுந்த ஜெபம்

"அம்மா இல்லாத புள்ள. ஒரு வாரம் தாங்காது. அழுதுகிட்டே வந்து பெரட்டுக்களத்துல நிக்கும், பாருங்க மாப்ள."

என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதென்று அப்பா முடிவெடுத்த அன்று மாமா சொன்ன வார்த்தை இது. விடியற்காலையில் தோட்டத்து ஆட்களைக் கணக்கெடுக்கும் திடல்தான் பெரட்டுக்களம். மாமா அம்மாவின் அண்ணன். கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவரும் அப்பாவும் மரம் சீவிப் பாலெடுத்தார்கள். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் எழுத்து அறிந்ததில்லை. நான் கோலாலம்பூருக்குப் போய், பிரிக்பீல்ட்ஸில் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாமார் நடத்திய விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அம்மா போன பிறகு அது அப்பாவின் பிடிவாதமாகிவிட்டது.

மாமா என் அழுகையை நினைத்துக் கவலைப்பட்டார். நான் பயந்தது ஜெபத்துக்கு.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம்தான். எங்களில் யாராவது தோட்டத்தை விட்டுப் புறப்பட்டால் சபை உபதேசியார் சைக்கிளில் வந்துவிடுவார். புறப்படுகிறவரை முழங்காலில் நிற்கச் சொல்லி, தலையில் கை வைத்து ஜெபிப்பார். அதன் பிறகுதான் மூட்டையைத் தூக்கலாம். நான் பார்த்த வரையில், அவர் கை வைத்த ஒருவரும் திரும்பி வந்ததில்லை. பக்கத்து வீட்டு அக்கா கல்யாணமாகி ஈப்போவுக்குப் போனார். வரவில்லை. ரப்பர் ஸ்டோரில் வேலை பார்த்த பெரியவர் ஊருக்குக் கப்பலேறினார். வரவில்லை. அம்மாவைக் காய்ச்சலோடு மாட்டு வண்டியில் ஏற்றிக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதும் அந்தக் கை அம்மாவின் தலைமேல் இருந்தது. தூரமாகப் போகிறவர்களுக்குத்தானே அந்த ஜெபமே என்று யோசிக்கிற வயதில்லை எனக்கு. எல்லாம் அந்தக் கையின் வேலை என்று முடிவுகட்டியிருந்தேன்.

நான் புறப்படும் நாளும் வந்தது. புதுப் பாவாடையோடு அப்பாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். எல்லோரும் கண்களை மூடிக்கொண்டார்கள். உபதேசியார் ஜெபத்தைத் தொடங்கினால் ஆமென் சொல்லும்வரை கண் திறக்காதவர். திறந்திருந்தவை என் கண்கள் மட்டுந்தான். அந்தக் கை மேலே எழும்பியது. மெதுவாக என்னை நோக்கி இறங்கியது. சட்டென்று உடம்பைக் குறுக்கி ஓரமாக நகர்ந்துவிட்டேன்.

கை காற்றில் கொஞ்சம் துழாவியது. பிறகு அப்பாவின் தலையில் போய் அமர்ந்தது.

"இந்தப் பிள்ளையை உம்முடைய கையில் கொடுக்கிறோம், ஆண்டவரே" என்று உபதேசியார் உருக்கமாக ஜெபித்தார். அப்பா அசையவில்லை. உபதேசியார் தன்னைப் பிள்ளை என்று சொல்வதைக் கேட்டபடி அவ்வளவு பெரிய ஆள் தலைகுனிந்து இருந்தார். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் தப்பித்துவிட்டேன், இனித் திரும்பி வராமல் போகப்போகிறவர் அப்பா.

ரயிலில் அவர் சட்டையை விடவே இல்லை. ஜன்னல் பக்கம் உட்காராதீர்கள் என்றேன். ரயில் நின்ற இடங்களில் தண்ணீர் குடிக்க இறங்கவும் விடவில்லை.

"என்னடி பாப்பா, எனக்குக் காவலா?" என்று சிரித்தார் அப்பா.

விடுதி வாசலில் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். "மாசம் பொறந்ததும் மொத சனிக்கிழமை வந்துடுவேன். மாமா சொன்ன மாதிரி அழுதுகிட்டு வந்து நின்னுடாதே" என்றார். நான் அழவில்லை. அழுகை பயத்துக்கு அடியில் எங்கோ கிடந்தது.

அந்த முதல் சனிக்கிழமை மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் வந்தார்கள். வாழைப்பழச் சீப்பும் முறுக்குப் பொட்டலமுமாக வாசல் நிறைந்தது. வெயில் சாயும்வரை நான் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா வரவில்லை.

எனக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மாவைக் கூட்டிப்போன அதே மாட்டு வண்டியில் அப்பா படுத்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. சாப்பாடு இறங்கவில்லை. பாடம் ஏறவில்லை. மிஸ்ஸியம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லையே என்றார். ஒரு நாள் மாலை ஜெபத்துக்குப் பிறகு, மற்றவர்கள் எழுந்து போனதும் நான் மட்டும் முழங்காலிலேயே இருந்தேன். அதுவரை எனக்காகப் பெரியவர்கள்தான் ஜெபித்திருக்கிறார்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. என் கையையே என் தலைமேல் வைத்துக்கொண்டு, "அந்த ஜெபம் என்னுடையது ஆண்டவரே, அப்பாவோடது இல்லை. எடுத்து எனக்கே வச்சிடுங்க" என்றேன். திரும்பி வராமல் போவதற்கு அன்று நான் உண்மையாகவே சம்மதித்தேன். அப்படிப் பயந்துகொண்டே ஒன்றுக்குச் சம்மதித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த மாதம் அப்பா வந்தார். கன்னம் ஒட்டிப்போய், சட்டை தொளதொளவென்று தொங்க, கையில் ஒரு பலாச்சுளைப் பொட்டலத்தோடு வாசலில் நின்றார்.

"காச்சல்மா. எழுந்திரிக்க முடியல. மாமாதான் கஞ்சி வச்சுக் குடுத்தாரு."

நான் அவர் சட்டையில் முகம் புதைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அன்னைக்கு உபதேசியார் கை உங்க தலையிலதான்ப்பா இருந்துச்சு!"

"தெரியுமே."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"இருக்கட்டும்னு விட்டுட்டேன். எனக்கும் அது வேண்டியிருந்துச்சு பாப்பா" என்று சொல்லிவிட்டு, அப்பா பலாச்சுளைப் பொட்டலத்தைப் பிரிக்கத் தொடங்கினார்.

எனக்கு வரவேண்டிய சாவை அப்பா வாங்கிக்கொள்ளப் பார்த்திருக்கிறார் என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன். உண்மையில், என்னை விட்டுவிட்டு, அதே ரயிலில் ஏறி, விளக்கேற்ற ஆளில்லாத ஒற்றை அறைக்கு அவர் திரும்பிப் போக வேண்டியிருந்தது. எங்கள் இருவரில் தூரமாகப் போனவர் அவர்தான். போகிறவருக்கு மட்டுமில்லாமல், பின்னால் தனியாக இருந்துவிடுகிறவருக்கும் அந்தக் கை வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

வருஷங்கள் ஓடிவிட்டன, மாமா சொன்ன ஒரு வாரம் மட்டும் இன்னும் முடியவில்லை. பள்ளிக்கூடத்துப் படிப்பை முடித்து, அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தேன். இப்போது ஆசிரியர் பயிற்சிக்குச் சென்னைக்குப் போகிறேன். எங்கள் தோட்டத்திலிருந்து இப்படிப் போகும் முதல் ஆள் நான் என்பதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. பயமும் இல்லாமலில்லை. இதுவரை நான் கடல்மேல் போனதில்லை.

துறைமுகத்தில் என் பெட்டியைத் தூக்கிவந்த மாமாதான் அழுதார். "ஒரு வாரத்துல வந்துடாதே, கழுதை" என்று மூக்கைச் சிந்தினார். வழியனுப்ப வந்திருந்த உபதேசியாருக்கு நரைத்துவிட்டது, கை நடுங்குகிறது. நான் அப்பாவை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு தலைகளையும் சேர்த்து உபதேசியார்முன் நீட்டினேன். அவருக்கு இரண்டு கைகள் இருக்கின்றனவே.

கப்பலின் மேல்தட்டில் நின்று கூட்டத்தில் அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்தேன். அவர் கண்களை மூடியிருந்தார். நானும் மூடிக்கொண்டேன். திறந்தபோது கரை நகர்ந்திருந்தது.