பட்டை போட்ட பூவரசுகள்

லூயிஸுக்குக் கோபம் வந்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கும் கேட்கும். தரமணியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அமிலப் புட்டியில் கை வைக்கப் போகும் பிள்ளைகளைப் பார்த்துக் கத்திக் கத்தியே உரமேறிய தொண்டை. ஓய்வுக்குப் பிறகு கத்துவதற்கு ஆள் கிடைக்காமல் திண்டாடியிருக்க வேண்டும். ஆனால் அடையாற்றுக் கரையில் வீடு இருக்கிறவருக்கு அந்தக் குறை வருவதில்லை.

வீடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆற்றை ஒட்டிய சிறு சந்தில் கடைசி வீடு, மனைவி வெரோனிகாவுக்கு அவள் அப்பா கொடுத்தது. 2015 வெள்ளத்தில் கொல்லைப்புறம் துவைக்கிற கல்லோடு போய்விட்டது. சமையலறைச் சுவருக்கும் கரைக்கும் நடுவில் ஒரு கட்டில் போடுகிற அளவு மண்தான் மிச்சம். அதுவும் சரிந்தால் அடுத்தது சுவர்தான். அதற்கப்புறம் போக்கிடம் கிடையாது.

அதனால்தான் அவர் மரம் நட்டார். ஊருக்கு நல்லது செய்கிற ஆசையெல்லாம் அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை. சாந்தோமில் தெரிந்தவர் வீட்டுப் பூவரசில் போத்து வெட்டிக்கொண்டு வந்து கரைச் சரிவில் நட்டார். முதல் வரிசையை வெயில் கொன்றது. அடுத்த வரிசையை ஆடு தின்றது. அதற்கப்புறம் நட்டது பிழைத்தது. 2023 டிசம்பர் புயலில் ஆறு பொங்கியபோது சந்தே சாமான்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. விடிந்து பார்த்தால் அவர் வீட்டுக்குப் பின்னால் கரை அப்படியே இருந்தது. பூவரசு வேர் மண்ணை விடவில்லை. லூயிஸ் அன்றைக்கு யாரிடமும் கத்தவில்லை. வெரோனிகாவுக்கு அவரே டீ போட்டுக் கொடுத்தார்.

பிறகு முயல் வந்தது. சென்னையில் ஏது முயல் என்று சிரிக்க வேண்டாம். பக்கத்து அடுக்குமாடிகளில் பிள்ளை அழுகிறது என்று வெள்ளை முயல் வாங்குவார்கள். குட்டியாக இருக்கும்வரை மடியில்தான். வளர்ந்து பால்கனி நாற ஆரம்பித்ததும் ஜீவகாருண்யம் பொங்கிவிடும். கூடையில் வைத்து ஆற்றங்கரைக்குக் கொண்டு வந்து திறந்துவிடுவார்கள்.

"ஃப்ரீயா இருக்கட்டும் அங்கிள், பாவம்" என்றாள் லாவண்யா. அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர். காலிக் கூடை கையிலேயே இருந்தது.

"இது ஃப்ரீயா இருக்கும்மா. நான் எங்கம்மா இருக்கிறது?"

அவள் சிரித்துவிட்டுப் போனாள். அவர் வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்திருப்பாள்.

பாதி முயலை நாய் பிடித்தது. மீதி சீமைக்கருவேல முள்ளுக்குள் புகுந்து, கரையில் வளை தோண்டிக் குடும்பம் நடத்தியது. கோடையில் புல் காய்ந்ததும் பூவரசின் அடிப்பட்டையைக் கடித்தது. சுற்றிலும் பட்டை போன மரம் நிற்கும், ஆனால் பிழைக்காது. லூயிஸ் கம்பி வலை சுற்றினார், எவனோ அவிழ்த்துப் பழைய இரும்புக் கடையில் போட்டான். கடைசியில் சுண்ணாம்பில் வேப்பெண்ணெய் கலந்து ஒவ்வொரு மரத்துக்கும் அடியில் இடுப்பளவு பூசினார். நடுவில் காவியில் ஒரு பட்டை இழுத்தார். சாலையோரத்து அரசாங்க மரம் மாதிரி தெரிந்தால் எவனும் கிளையை ஒடிக்க மாட்டான் என்று ஒரு கணக்கு.

"மாதா கோயிலுக்குப் போறவரு மரத்துக்கெல்லாம் பட்டை போட்டுக்கினு கீறாரு" என்று சந்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வாசனைக்கு முயல் கிட்டே வரவில்லை. அந்த ஆடியில் புதுத் துளிர் விட்டது.

ஆவணியில் லாவண்யா நல்ல செய்தி கொண்டுவந்தாள். சங்கம் அலைந்து அனுமதி வாங்கிவிட்டதாம், கரையிலிருக்கும் சீமைக்கருவேலத்தை வெட்ட ஆள் வருகிறதாம். லூயிஸுக்கும் சந்தோஷம்தான், முள் போனால் முயலுக்கு ஒளிய இடமிருக்காது. ஆனாலும் அன்றைக்கே பத்து தடவை சொன்னார்: நான் கூட நிற்காமல் மரம் அறுக்கிற மெஷினை எடுக்கக் கூடாது. லாவண்யா அவர் நம்பரை மேஸ்திரியிடம் கொடுத்தாள்.

மெஷின் வருகிறதற்கு முதல் நாள் பார்த்துப் பட்டினப்பாக்கத்தில் வெரோனிகாவின் பெரியம்மா மகன் செத்துப்போனார். போகாமல் இருக்க முடியுமா? மறுநாள் கல்லறையில் பெட்டியை இறக்குகிற நேரம், சாமியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிறார், லூயிஸின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

"அங்கிள், மேஸ்திரி மகேஷ் பேசறேன். மெஷின் வந்துட்ச்சு, இன்னிக்கு மட்டுந்தான் கெடைக்கும். ஆரம்பிச்சுடலாமா?"

வேறு நாளாக இருந்தால் லூயிஸ் கத்தியிருப்பார். எது கருவேலம், எது பூவரசு, எதைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று கால் மணி நேரம் பாடம் எடுத்திருப்பார். சுற்றி அத்தனை பேர் அழுதுகொண்டிருந்தார்கள். வாயைக் கையால் மூடிக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"பட்டை போட்ட மரம்லாம் கீதுபா. பாத்து வெட்டு."

"சரி அங்கிள்."

சாயங்காலம் இருவரும் சந்துக்குள் நுழையும்போதே வீட்டுக்குப் பின்னால் வெளிச்சம் அதிகமாக இருந்தது. லூயிஸ் செருப்பைக் கூடக் கழற்றாமல் ஓடினார். சீமைக்கருவேலம் முள்ளும் பச்சையுமாக நின்றுகொண்டிருந்தது. பூவரசு ஒன்று கூட இல்லை. மேட்டில் துண்டு துண்டாக அடுக்கியிருந்தார்கள், ஒவ்வொரு துண்டிலும் வெள்ளையும் காவியும்.

மகேஷ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். நல்ல பையன், வேலை முடித்த திருப்தி முகத்தில் தெரிந்தது.

"நீங்க சொன்ன மாதிரியே அங்கிள். பட்டை போட்டதா பாத்து பாத்து வெட்டிட்டோம். ஒண்ணு உடல."

கரையில் மரம் வெட்டணும் என்பதற்கு மேல் அவனிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவன் தொழிலில் மரத்தில் பெயிண்ட் இருந்தால் வெட்டச் சொல்லி அடையாளம் வைத்தது என்று அர்த்தம். போகிற பிள்ளையிடம் பாத்துப் போ என்கிறோம், எண்ணெய் காய்கிற இடத்தில் பாத்து நில் என்கிறோம். அந்தப் பாத்துவைத்தான் லூயிஸ் சொன்னார். மகேஷுக்கு வேறு பாத்து கேட்டது. அவன்மேல் என்ன தப்பு?

அதற்குள் சந்தே கூடிவிட்டது. லாவண்யா போனை எடுத்துக் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டாள், இவனை வேலையிலிருந்து எடுங்கள் என்று கத்தினாள். மகேஷ் லூயிஸ் முகத்தைப் பார்த்தான்.

"அங்கிள், சொல்லுங்க அங்கிள்."

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பழி மகேஷோடு போயிருக்கும். அந்த ஆசை லூயிஸுக்கு வரத்தான் செய்தது.

"அவனை உடும்மா. நான்தான் பாத்து வெட்டுன்னேன்" என்றார்.

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் முதலில் யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும். லாவண்யாவும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்பை அவர்களால் அடக்க முடியவில்லை. பாவிகள், அது அவர்கள் கரையும்தான் என்பது அப்போது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. அடுத்த வாரமெல்லாம் அவர் பால் வாங்கப் போனால் "மாமா, பாத்துப் போங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். லூயிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டிலும் பேச்சு குறைந்தது. சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் பேசாமல் எழுந்து எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஐப்பசியில் மழை வலுத்தது. முயல் தோண்டிய வளைகளில் தண்ணீர் இறங்கியது, பிடித்து நிறுத்த வேர் கிடையாது. கட்டிலளவு மண் ஒரே மத்தியானத்தில் போனது. சமையலறைச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல் ஓடியது. வெரோனிகா அடுப்பை முன்னறைக்கு மாற்றினாள்.

மழை விட்ட ஒரு காலையில் மணல் மூட்டையோடு மாநகராட்சி லாரி வந்தது. சந்து முழுக்க நின்று பார்த்தது, ஒருவரும் சிரிக்கவில்லை. ஆட்களோடு வந்தவர் கேட்டார்: "பெரியவரே, உங்களுக்குத்தான் இந்தக் கரை தெரியுமாமே. எந்த இடத்துல மொதல்ல போடணும், சொல்லுங்க."

லூயிஸுக்குத் தெரியும். எந்த இடத்தில் அடியில் குடைந்திருக்கிறது, எங்கே போட்டால் சுவர் நிற்கும் என்று நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பக்கத்தில் நின்ற வெரோனிகாவின் கையைப் பிடித்தார்.

"நீ சொல்லு. எனக்குப் பயமா கீது."

அவளுக்கு அந்தக் கரையைப் பற்றி ஒன்றும் தெரியாது.