முப்பத்தொன்பதில் முடியும் எண்

மஸ்தூரா மருத்துவச்சி. காபூலில் எங்கள் குன்றுச் சரிவில், தண்ணீர் வண்டி ஏற முடியாத உயரத்தில் அவள் வீடு. எங்கள் வீடு அதற்குக் கொஞ்சம் கீழே. என் மூன்று பிள்ளைகளையும் முதலில் கையில் வாங்கியவள் அவள்தான். கணவன் இறந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகன் வாரிஸ் கார்ப் பட்டறையில் வேலை பார்த்தான்.

அவளுடைய கைபேசி எண் முப்பத்தொன்பதில் முடியும். கணவன் வாங்கிக் கொடுத்தது. அப்போதெல்லாம் அது வெறும் எண்தான். சரிவில் எவள் கர்ப்பமானாலும் அவளுடைய மருத்துவ அட்டையின் பின்பக்கத்தில் மஸ்தூரா தன் கையாலேயே அந்த எண்ணை எழுதிவைப்பாள்.

பிறகுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. ஹெராத்தில் பெண்களைக் கூட்டிக்கொடுத்துப் பணக்காரனான ஒருவன் இருந்தானாம். அவன் கார் எண்ணில் முப்பத்தொன்பது வருமாம். நிஜமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரே வருஷத்தில் அந்த எண் கெட்டவார்த்தை ஆகிவிட்டது. அது இருக்கும் காரை வாங்க ஆளில்லை. வயது கேட்டால் அந்த வயது ஆண்கள், "நாப்பதுக்கு ஒண்ணு கொறைச்சல்" என்றார்கள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

விதவை, நேரங்காலம் இல்லாமல் ஊரார் வீடுகளுக்குப் போகிறவள், அவளுக்கு அந்த எண் என்றால் கேட்கவா வேண்டும்? முன்பின் தெரியாத ஆண்கள் கூப்பிட்டு விலை கேட்டார்கள். "பிரசவம்னா சொல்லு, வர்றேன். இல்லேன்னா போனை வை" என்பாள். குரல் நடுங்காது.

ஒருநாள் நான் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வாரிஸ் வெடித்தான்.

"பட்டறையில, உங்கம்மா நம்பரக் குடுடான்னு கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறானுங்க. மாத்தித் தொலையேம்மா!"

"எத்தனை வீட்ல எழுதிக் குடுத்திருக்கேன் தெரியுமாடா? வலியில ஒருத்தி கூப்பிடறப்ப மணி அடிக்கலேன்னா?"

"அவங்களுக்கெல்லாம் நீ இருக்க. எனக்கு யாரு இருக்கா?"

அவன் கிளம்பிப்போய் மூன்று நாள் பட்டறையிலேயே தங்கிவிட்டான்.

எங்கள் பக்கத்து வீட்டில் மளிகைக்கடை தமீமும் அவன் மனைவி ரைஹானாவும் இருந்தார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது, முதல் கர்ப்பம். குழாயடியில் நிற்கும்போது என்னிடம் சொன்னாள்: "என் வீட்டுக்குள்ள அந்த நம்பர் இருக்கக் கூடாதுன்னு அவரு பிளேடால சுரண்டிட்டாருக்கா. அட்டையில ஓட்டையே விழுந்துடுச்சு."

இருவரும் சிரித்தோம். அப்போதே இன்னொரு காகிதத்தில் நான் எழுதிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

ஜனவரியில் ஒரு மதியம், கூரைப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ரைஹானாவின் அலறல் கேட்டது. ஓடினேன். பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்க, விரிப்பெல்லாம் ரத்தம்.

"அவருக்குச் சொல்லி ஒரு மணி நேரம் ஆச்சுக்கா. டாக்ஸி பாக்கறேன்னாரு" என்று முனகினாள்.

அந்தப் பனியில் எந்த டாக்ஸி மேலே ஏறும்? என் போனை எடுத்தேன். மஸ்தூராவின் எண்ணை நானே 'தையல்காரி' என்ற பெயரில்தான் வைத்திருந்தேன். மறுமுனையில் இரண்டே கேள்விகள் கேட்டாள். பத்து நிமிஷத்தில் வந்து நின்றாள். காலில் வீட்டுச் செருப்பு, முழங்கால் வரை பனி.

ரைஹானா பிழைத்தாள். குழந்தை அழவே இல்லை. ஆண் குழந்தை. மஸ்தூரா அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான்தான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

தமீம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"எங்கிட்ட உங்க நம்பர் இல்லையே சித்தி" என்றான்.

"இருந்துச்சுப்பா" என்றாள் மஸ்தூரா.

அல்லாவின் விருப்பம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தமீமை யாரும் குறை சொல்லவில்லை. என்னையும் சொல்லவில்லை.

வசந்தத்தில் வாரிஸுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: அம்மாவின் எண் மாற வேண்டும். இந்த முறை மஸ்தூரா வாதாடவில்லை. புது எண் வாங்கினாள். இரண்டு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கி, பழையதை அடித்துப் புதியதை எழுதினாள். ஆனால் பலர் வீடு மாறிப் போயிருந்தார்கள். சிலர் எந்தப் பக்கம் போனார்கள் என்றே தெரியவில்லை.

அதனால் பழைய எண்ணை ஓர் உடைந்த கைபேசியில் போட்டு அணைக்காமல் வைத்தாள். அதற்கு இன்றும் முக்கால்வாசி கேலிதான் வருகிறது. ஒருமுறை புது மருமகள் தெரியாமல் எடுத்துவிட்டு, கேட்டதை வெளியே சொல்ல முடியாமல் அழுதாள். அன்றுமுதல் மஸ்தூரா அதைத் தன் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை அவள் என் வீட்டில் இருந்தபோது அது அடித்தது. "முப்பத்தொம்பதா?" என்று ஒருவன் கேட்பதும், பின்னால் சிலர் சிரிப்பதும் எனக்கே கேட்டது.

"ஆமா. யாருக்கு வலி? எந்த வீடு?" என்று கேட்டாள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.