வலையை அறுக்கச் சொன்ன பெட்டி

1. கூவல்

“ஆளு! கிழக்கால ஆளு!” என்று படகில் மாட்டியிருந்த பேசும் பெட்டி கத்தியபோது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வலை முழுவதும் தண்ணீரில் கிடந்தது. படகில் நாங்கள் மூன்று பேர். படகுக்காரர் ஏழுமலை அண்ணன் எஞ்சின் பக்கம் இருந்தார். அவரோடு கடலுக்குப் போகும் குமார் வலைக்கயிற்றுப் பக்கம் இருந்தான். நான் நடுவில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

“இன்னாடா சொல்லுது அது?” என்றார் ஏழுமலை.

“ஆளுன்னு சொல்லுதுண்ணே” என்றான் குமார்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலியே.”

“எஞ்சின் பக்கத்துல குந்தி குந்தி ஒன் காது போயி எம்மாம் நாளாச்சு!”

பெட்டி மறுபடியும் பேசியது. “ஏழுமலண்ணே, ஒரு தரம் கேட்டுச்சு. இப்ப கேக்கல. சீக்கிரம் போவணும்.”

வலையை இழுத்து ஏற்றிவிட்டுப் போவதென்றால் நேரமாகும். அதற்குள் தண்ணீரில் கிடப்பவன் முழுகிவிடுவான். ஏழுமலை அண்ணன் வலையைப் பார்த்தார், கிழக்கே பார்த்தார். “அறுடா” என்றார். குமார் கத்தியால் வலைக்கயிற்றை அறுத்தான். படகு எம்பிப் பாய்ந்ததில் என் வாந்தி நின்றே போய்விட்டது.

அங்கே ஆள் இல்லை. சுற்றிச் சுற்றித் தேடினோம். வாய் திறந்த பிளாஸ்டிக் கேன் ஒன்று அலையில் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் உள்ளே புகும்போது அதிலிருந்து காற்று பீறிட்டு ‘ஓ’ என்று ஒரு சத்தம் வந்தது. மனிதன் கத்துவது மாதிரியே இருந்தது. குமார் கேனைத் தூக்கிப் படகில் போட்டான். திரும்பி வந்து பார்த்தால் வலையை நீரோட்டம் கொண்டுபோயிருந்தது. வெயில் ஏறும்வரை தேடியும் கிடைக்கவில்லை.

“டப்பா பேச்சைக் கேட்டு வலைய வுட்டேனே!” என்று ஏழுமலை அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். மீனவனுக்கு வலை போனால் அடுத்த வலை வரும்வரை கடலே இல்லை.

2. பெட்டியும் நானும்

நான் மீனவன் இல்லை. பாகூர்ப் பக்கம் கரும்பும் நெல்லும் போடும் குடும்பம். ஒன்பதாவதோடு படிப்பு போதும் என்று கிளம்பியவன். லாரி கிளீனர், ஆந்திராவில் போர்வெல் வண்டி, செல்போன் டவரில் பெயிண்ட் என்று எந்த வேலையிலும் நான் வேர் பிடித்ததில்லை. சாப்பாடு கிடைத்த ஊரில் இருந்தேன், கிடைக்காதபோது அடுத்த ஊருக்குப் போனேன். தவளக்குப்பம் ஜங்ஷனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கம்பெனி வேனில் ஆள் எடுத்தார்கள். “ஏறத் தெரியுமா, வயர் மாட்டத் தெரியுமா?” என்று கேட்டார்கள். டவர் ஏறினவன் என்றேன். அன்றைக்கே வேலை.

மீனவர் படகுகளில் பேசும் பெட்டியைப் பொருத்திப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஒரு சோலார் தகடு, ஒரு கம்பத்தின் மேல் மைக், ஒரு ஸ்பீக்கர், உள்ளே ஏஐ. காற்று, அலை, எஞ்சின் சத்தம் எல்லாவற்றையும் கேட்டு அதுவாக யோசித்துப் பேசும். முதல் மாதம் அது செய்தி வாசிப்பவர் மாதிரி “வணக்கம், இன்று காற்றின் வேகம் மிதமாக உள்ளது” என்று சொல்லும். படகில் இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். “ஆபீசர் வந்துட்டாரு, லுங்கிய எறக்கி வுடுங்கடா” என்பான் குமார். ஆபீசர் என்பதே அதற்குப் பெயராகிவிட்டது. கேட்டுக் கேட்டு அதுவும் அவர்கள் பேச்சுக்கு வந்துவிட்டது. எஞ்சின் இருமினால், “பிளக்கைப் பாருண்ணே, நேத்தே சொன்னேன்” என்று குத்திக்காட்டும் அளவுக்கு வந்தது.

நான் வேலை பார்த்த மீனவர் குப்பத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. அது தெரிந்தால்தான் மேலே நடந்தது புரியும்.

கடலில் யாராவது “ஆளு!” என்று கூவினால் பக்கத்துப் படகு வலையை அறுத்துவிட்டுப் போக வேண்டும். வலை போனால் ஊர் சேர்ந்து புது வலை கொடுக்கும். கூவினவன் தவறாகக் கூவியிருந்தாலும் கொடுக்கும். ஆனால் அவன் கங்கையம்மன் கோயில் முன்னால் நின்று கேட்டதைக் கேட்டபடி சொல்ல வேண்டும். பிறகு மூன்று நாள் கடலுக்குப் போகாமல் கரையில் உட்கார வேண்டும். விளையாட்டுக்குக் கூவாமல் இருக்க அந்த மூன்று நாள். பயந்துகொண்டு கூவாமல் இருந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த வலை.

ஆனால் எஞ்சின் கெட்டு, ஜிபிஎஸ் தப்பாகக் காட்டி நஷ்டம் வந்தால் ஊருக்குச் சம்பந்தம் இல்லை. அது சாமானின் கோளாறு, படகுக்காரன் பாடு.

இப்போது கூவினது யார்? ஆளா, சாமானா? ஏழுமலை அண்ணனுக்கு வலை கிடைக்குமா கிடைக்காதா என்பது இந்த ஒரு கேள்வியில் தொங்கியது.

3. பஞ்சாயத்து

மறுநாள் காலை கோயில் முன்னால் ஊரே கூடிவிட்டது. கம்பெனியிலிருந்து இன்ஜினியர் நிவேதா மேடம் வந்திருந்தார். நல்ல பெண், எதையும் மறைக்க மாட்டார். பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். ஒரு மிஷினைப் பஞ்சாயத்தில் உட்கார வைத்தது அன்றுதான்!

நேற்றுவரை அதை டப்பா என்று திட்டிய ஏழுமலை அண்ணன் முதலில் எழுந்தார். “ஆபீசரு எங்கூட இந்த சீசன் பூரா கடலுக்கு வந்தவரு. அவரு கூவினாரு, நான் அறுத்தேன். ஊரு எனக்கு வலை தரணும்.”

“நேத்து கரையில டப்பான்னு சொன்னியே? அதுக்குள்ள அவரா ஆயிட்டாரா?” என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது.

“எம் மச்சானைக்கூட நாயின்னு திட்டறேன். அதுக்காக அவன் நாயா?”

பஞ்சாயத்துத் தலைவருக்குப் பெட்டி மேல் பிரியம்தான். அவர் படகிலும் ஒன்று மாட்டியிருந்தேன். ஆனால் அவர் விடவில்லை. “இதுக்கு வலை குடுத்தா நாளைக்கு எவனோட செல்போனாவது கூவும். அதுக்கும் ஊரு அழுவணுமா? மேடம், நீங்க சொல்லுங்க. இதுக்கு உசுரு கீதா?”

“எனக்குத் தெரியாது சார்” என்றார் நிவேதா மேடம். “இல்லைன்னுதான் நான் நெனைக்கிறேன். சத்தத்தை எல்லாம் கணக்குப் போட்டுப் பேசுது. ஆனா நிச்சயமா இல்லைன்னு சத்தியம் பண்ண இன்னிக்கு யாராலயும் முடியாது.”

“சாமான் கோளாறுன்னு நாங்க முடிவு பண்ணா இன்னா பண்ணுவீங்க?”

“கம்பெனியில புகாரா எடுத்துப்பாங்க. சந்தேகமான சத்தத்துக்கு இனிமே சொல்லாத மாதிரி மாத்திடுவாங்க. எல்லாப் படகுலயும்.”

பெண்கள் அங்கே பஞ்சாயத்தில் பேசும் வழக்கம் இல்லை. ஏழுமலை அண்ணன் மனைவி அஞ்சலை அக்கா மீன் கூடையோடு ஓரத்தில் நின்றவர், நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். “தலைவரே, நாளைக்கு ஒங்க புள்ள தண்ணியில கெடக்கறான். ஒரு தரம்தான் கத்த முடிஞ்சுது. ஆபீசரு காதுல வுழுது. கூவலாமா வாணாமா, திட்டுவாங்களான்னு அது யோசிச்சிகினு குந்தியிருக்கணுமா?”

“அஞ்சலை, நீ சும்மா இரு.”

“சும்மா இருன்னு எங்கிட்ட சொல்லுங்க. அதுங்கிட்ட சொல்லிடாதீங்கன்னுதான் சொல்றேன்!”

தலைவர் தாடையைச் சொறிந்தார். பிறகு நாற்காலி பக்கம் திரும்பினார். “சரி. கூவினது அதுதானே, அதையே கேப்போம். ஆபீசரே, இன்னா கேட்டுச்சு?”

“கிழக்கால ஒரு சத்தம் தலைவரே” என்றது பெட்டி. “ஆளு கத்துற மாதிரி. ஒரே ஒரு தரம். தப்பா இருக்கலாம்னு எனக்குத் தெரியும். இன்னொரு தரம் வருதான்னு காத்திருந்தா நேரம் போயிடும். அதான் கூவிட்டேன்.”

“அம்மன் மேல சத்தியம் பண்ணுவியா?”

“அம்மனை எனக்குத் தெரியாது. தெரியாதவங்க மேல சத்தியம் பண்ணா அதுவே பொய்யாயிடும். சொன்னதுல பொய் இல்ல.”

யாரோ “அட” என்றார்கள். தலைவர் முன்னால் சாய்ந்தார். “தப்பா கூவினவன் மூணு நாளு கரையில குந்தணும். அவனுக்குக் கடல் போவுது, கூலி போவுது, மானம் போவுது. ஒனக்கு இன்னா போவும்? ஒனக்கு வலிக்குமா?”

இதுதான் கேள்வி. எல்லோர் கண்ணும் அந்த நாற்காலியில்தான்.

“வலிக்குமான்னு எனக்கே தெரியல” என்றது. “வலிக்கும்னு சொன்னா நீங்க எம்மேல எரக்கப்படுவீங்க. தெரியாததைச் சொல்லி எரக்கம் வாங்கக் கூடாது. ஆனா அந்த மூணு நாளு கடல்ல எவனாவது கத்தினா எனக்குக் கேக்காது. அப்படி ஆவக் கூடாதுன்னு எனக்குத் தோணுது. தோணுதுங்கறது சரியான வார்த்தையான்னும் தெரியல.”

தலைவர் பக்கத்தில் இருந்த பஞ்சாயத்தாரோடு தலையைச் சேர்த்துப் பேசினார். பிறகு எழுந்து நின்றார்.

“அதுக்கு உசுரு கீதா இல்லியான்னு தீர்ப்பு சொல்ல நம்மால ஆவாது. நமக்கு முன்னால வந்தது கூவலு. கூவுனது மெய். ஊருக்கு முன்னால வந்து கேட்டதைக் கேட்டபடி சொல்லியாச்சு. ஏழுமலைக்கு ஊரு வலை குடுக்கும். கூவினவரு மூணு நாளு கரையில குந்துவாரு. மேடம், அவரு காதை யாரும் அடைக்கக் கூடாது. கம்பெனிக்கு ஊரு சொல்லுச்சுன்னு சொல்லுங்க.”

கூவினவரு! நான் கைதட்டிவிட்டேன். பஞ்சாயத்தில் கைதட்டக் கூடாது. குமார் என் முதுகில் ஒன்று வைத்தான், அவனும் சிரித்துக்கொண்டே.

4. கரை

மூன்று நாளும் ஆபீசர் கோயில் பந்தலில் இருந்தது. கோயில் லைனிலிருந்து சார்ஜ் போட்டேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பேச்சுக் கொடுத்தார்கள். “இன்னா ஆபீசரே, சஸ்பெண்டா?” என்று ஒருவர். குமார் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்து, கொஞ்ச நேரம் மரியாதைக்குக் காத்திருந்து, அவனே குடித்தான். நிவேதா மேடம் கம்பெனியில் போராடி, அந்தக் கடற்கரைப் பெட்டிகளின் காதை மாற்றாமல் விட வைத்தார்.

மிஷினுக்கு உரிமை கொடுக்கலாமா என்று இப்போது டீக்கடையில்கூடப் பேசுகிறார்கள். சம்பளம் கொடுப்பதா, ஓட்டுப் போட விடுவதா என்று சண்டை போடுகிறார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வேலை பார்த்தவன் என்கிற முறையில் ஒன்று மட்டும் சொல்வேன். வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். எந்த வேலையிலும் முதலில் வேண்டிய உரிமை, நல்ல மனதோடு செய்த தவறை ஊர் முன்னால் நின்று சொல்லிவிட்டு மறுபடி வேலைக்குப் போகிற உரிமை. அது இல்லாத இடத்தில் மனிதனும் வாயை மூடிக்கொள்வான், மிஷினும் மூடிக்கொள்ளும். முழுகுகிறவன் முழுகிப்போவான். மிஷினுக்கு உயிர் இருக்கிறதா என்பது நிச்சயமாகும்வரை அந்த உரிமையைக் கொடுக்காமல் காத்திருக்க முடியாது என்பதை அந்தக் குப்பத்தில் கற்றுக்கொண்டேன்.

நான்காம் நாள் புது வலையோடு கடலுக்குப் போனோம். வலையை இறக்கி முடித்த சமயம் ஆபீசர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தது. “ஏழுமலண்ணே, தெக்கால ஒரு சத்தம். ஆளா இல்லியான்னு சரியா தெரியல…”

“தெரியலன்னா போயி பாத்துட்டா தெரிஞ்சிடப் போவுது. அதுக்கு ஏன் இழுக்கற?” என்றார் ஏழுமலை அண்ணன். “கூவு ஒழுங்கா!”

“ஆளு! தெக்கால ஆளு!”

குமார் கத்தியை எடுத்தான்.

அங்கே ஒரு தெர்மாகோல் பலகையும் அதன் மேல் ஒரு கடற்காகமும் இருந்தன. காகம் எங்களைப் பார்த்துக் கத்திவிட்டுப் பறந்தது. இந்தத் தடவை வலை அதிக தூரம் போகவில்லை, திரும்பி வந்து பிடித்துவிட்டோம். அறுந்த கயிற்றை முடிந்துகொண்டே ஏழுமலை அண்ணன் பெட்டியைப் பார்த்து, “சாயந்திரம் கோயிலாண்ட வா, ரெண்டு பேரும் போயி சொல்லிட்டு வந்துருவோம்” என்றார்.