பெரியக்கா ஏமாந்த மெயில்

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து தரும் எங்கள் கம்பெனியில் தலைவியை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. நாற்பது பேருக்கும் அவர் பெரியக்காதான். சாதாரண புரோகிராமராகச் சேர்ந்து, இருபது வருடத்தில் அந்த நாற்காலிக்கு வந்தவர்.

அவருக்கு முன்னால் இருந்தவர் எரிந்து எரிந்து விழுவார். ஒருமுறை ஒரு பையன் போலி மெயில் ஒன்றைத் திறந்துவிட்டு, அவருக்குப் பயந்து மூன்று நாள் மூச்சே விடவில்லை. அதற்குள் வைரஸ் பதினொரு கணினிகளில் புகுந்துவிட்டது.

பெரியக்கா வந்ததும், பாதுகாப்பைக் கவனித்துவந்த என்னிடம், எல்லாரையும் சோதிக்க ஒரு போலி மெயில் அனுப்பச் சொன்னார். எப்போது, எப்படி என்று தனக்கும் சொல்லக் கூடாதாம். 'லீவு நாட்கள் மாற்றம், பார்க்க பாஸ்வேர்டைக் கொடுக்கவும்' என்று ஒன்றை அனுப்பினேன். ஒன்பது பேர் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தார்கள். முதல் ஆளே பெரியக்கா.

அவரை விட்டுவிட்டு எட்டுப் பெயர்களோடு பட்டியலைக் கொடுத்தேன்.

"நானுந்தானே குடுத்தேன், என் பேரு எங்க?" என்றார்.

பட்டியலைத் திரும்ப வாங்கி அவர் பெயரையும் எழுதப் போனேன்.

"மத்தவங்க பேரெல்லாம் வேண்டாம். என் பேரை மட்டும் போடுங்க."

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்த மெயிலைத் திரையில் காட்டி, லீவு என்றதும் அனுப்பியவர் யாரென்றுகூடப் பார்க்கவில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். இனி யார் ஏமாந்தாலும் உடனே சொல்லலாம், திட்டு விழாது என்றார். நான் அவ்வளவாக நம்பவில்லை.

நான்கு மாதம் கழித்து, வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் பெண் மூச்சிரைக்க என்னிடம் ஓடிவந்தாள்.

"அண்ணா, ஒரு மெயில்ல பாஸ்வேர்டைக் குடுத்துட்டேன். ரெண்டு நிமிஷங்கூட ஆகல."

இது நிஜத் திருட்டு. அவள் கணினியை இணைப்பிலிருந்து துண்டித்து, பாஸ்வேர்டை மாற்றினேன். ஒரு நோயாளியின் விவரம்கூட வெளியே போகவில்லை.

அழுதுகொண்டிருந்தவள் பக்கத்தில் பெரியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மெயிலைப் பார்த்தார்.

"நானா இருந்தாலும் மாட்டியிருப்பேன். நீ ஓடிவந்து சொன்னதாலதான் தப்பிச்சோம்மா."

அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அன்று மாலை வரை அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அழைப்புகளைப் பெரியக்காவே எடுத்தார். ஒரு டாக்டர் யாரோ புதுப்பெண் என்று நினைத்துக் கால் மணி நேரம் திட்டித் தீர்த்தார். இவர் "சரிங்க சார்" என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தார்.