காது மெக்கானிக்கின் தலை

தெருவில் அவனுக்குக் காது மெக்கானிக் என்று பெயர். பைக்கைக் கழற்றவே வேண்டாம், ஓட்டிப் பார்த்தாலே போதும், சத்தத்தை வைத்துக் கோளாறைச் சொல்லிவிடுவான். ஆட்கள் புகழப் புகழ அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் கால் தப்பித்துக்கொண்டது. தலைதான் மாட்டிக்கொண்டது.

பழுது பார்த்த வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்ப்பது தொழில் வழக்கம். அப்போது ஹெல்மெட் போடமாட்டான். பட்டறையில் இருந்த ஒரே ஹெல்மெட்டில் நட்டும் போல்ட்டும் போட்டு வைத்திருந்தான். மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

"அதை மாட்டிக்கிட்டா இன்ஜின் சத்தம் எப்படிடி கேக்கும்? தெருமுனைக்குப் போறதுக்கு கவசம் வேணுமா? நான் என்ன சண்டைக்கா போறேன்?"

பட்டறையில் கூட்டாளியாக இருந்த அவள் தம்பி, "அதானே மாமா" என்று மீசையைத் தடவிக்கொள்வான். இரண்டு அறிவாளிகள், ஒரே கூரையின் கீழ்.

ஒரு மத்தியானம், செயின் சத்தத்தைக் கேட்கக் குனிந்துகொண்டே ஓட்டிப்போன காது மெக்கானிக், நின்றிருந்த தண்ணீர் வண்டியில் இடித்தான். பெரிய வேகம் ஒன்றுமில்லை. சாய்ந்து விழுந்ததில் நடைபாதைக் கல்லில் தலை மோதியது. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, உடைந்துபோன பக்கக் கண்ணாடிக்காக வருத்தப்பட்டான்.

மனைவி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். "மண்டைதான் உடையலையே, எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று சொல்லிவிட்டுப் படுத்தான். ரத்தம் வெளியே வந்தால்தான் அடி என்பது அவனாகவே கண்டுபிடித்த வைத்தியம். சாயங்காலம் வாந்தி எடுத்தான். அப்புறம் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை.

"மண்டை ஓடு கெட்டிதாம்மா. உள்ள இருக்கிற மூளை தயிர் மாதிரி" என்றார் டாக்டர். "ஓடு நின்ன இடத்துல அது நிக்காது, போய் மோதும். உள்ளயே ரத்தம் கசிஞ்சு அழுத்தியிருக்கு. உடனே கூட்டிட்டு வந்திருக்கலாம்."

மண்டையைத் திறந்து உயிரைக் காப்பாற்றினார்கள். பேச்சைக் காப்பாற்ற முடியவில்லை. அவனுக்கு எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும்; வார்த்தை மட்டும் வாய்க்கு வராது. மனைவியைக் கூப்பிடக்கூட ஒரு முனகல்தான். அவள் அழுகையை அடக்கிக்கொண்டு பஞ்சர் ஒட்டப் பழகினாள். தெரு ஜனங்கள் துக்கம் விசாரிக்க பைக்கில் வந்தார்கள், ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு. "எல்லாம் விதி" என்று உச்சுக்கொட்டிவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். இந்தத் தெருவில் யாருக்கும் முழங்கையில் மட்டும் அடிபடவே படாது.

பட்டறை வாசலில் நாற்காலி போட்டு அவனை உட்காரவைப்பார்கள். ஒருநாள் மச்சினன் ஒரு வண்டியை முடித்துவிட்டு, வெறுந்தலையோடு ஏறி உட்கார்ந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிய விடிய அழுதவன் இவன்தான்.

காது மெக்கானிக் தட்டுத்தடுமாறி எழுந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். வாய் திறந்தது, மூடியது. சத்தம் வந்தது, சொல் வரவில்லை. கண்ணில் நீர் முட்ட, தன் தலையைத் தட்டித் தட்டிக் காட்டினான்.

"தலை வலிக்குதா மாமா?" என்றான் மச்சினன். உள்ளே பார்த்து, "அக்கா, மாமாவுக்கு மாத்திரை குடு. நான் தோ வந்துடறேன்" என்று குரல் கொடுத்தான்.

பிறகு அந்த விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், பிரித்து எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.