ரெஜினா அக்காவின் மூன்றாம் தந்தி

ரெஜினா அக்கா இறந்துவிட்டார்.

காலையில் அவர் மகள் ஷீலா போன் பண்ணினாள். "ஆன்ட்டி... அம்மா எழுந்திருக்கல."

செபராங் ஜெயாவில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் நானும் அக்காவும் பல வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசை. அவர் கிளாசிக்கல் கிட்டார் வாசிப்பார் என்பது அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

லீவு நாளில், தீவுப் பக்கம் ஆயர் ஈத்தாமில் இருந்த அவர் ஃபிளாட்டுக்கு என்னைக் கூப்பிடுவார். கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்வார். ஒரே மெட்டை நைலான் தந்தியில், கார்பன் தந்தியில், பிறகு ஆட்டுக்குடல் நரம்பில் வாசித்துக் காட்டி, எது எப்படி இருக்கிறது என்று கேட்பார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா..."

"அதான் நூரு, உன் காதுதான் எனக்கு வேணும். படிச்ச காது பொய் சொல்லும்லா."

நைலான் மெத்து மெத்தென்று இருக்கும். கார்பன் பளிச்சென்று பேசும், கொஞ்சம் கூசும். குடல் நரம்பு... அதில் மூச்சு இருந்தது. எனக்கு அப்படித்தான் சொல்லத் தெரிந்தது.

மழை வந்தால் அந்த நரம்பு சுருதி இறங்கிவிடும், ஏர்கான் போட்டால் ஏறிவிடும். அவர் கணவர் மைக்கல் அண்ணன் குசினியிலிருந்து கத்துவார். "எல்லாரும் ஆட்டுக்குடல்ல சூப்பு வைப்பாங்க, இவ பாட்டு வைக்கிறா!"

அண்ணன் வெளியே போய்விட்டு வந்தால் வாசலிலிருந்தே "ரெஜீ..." என்று இழுத்துக் கூப்பிடுவார். உடனே சுவரில் மாட்டியிருக்கும் கிட்டாரில் குடல் நரம்பு போட்ட அந்த மூன்றாம் தந்தி தானாக முனகும். ம்ம்ம்... என்று.

முதல்முறை நான் பயந்தே போனேன். "அவரு குரலும் இந்த நரம்பும் ஒரே சுருதி, அவ்வளவுதான்" என்று அக்கா சிரித்தார்.

மைக்கல் அண்ணன் திடீரென்று போய்விட்டார். மாரடைப்பு.

சில மாதம் கழித்து, ரிட்டையர் ஆகி வீட்டில் இருந்த அக்கா என்னைக் கூப்பிட்டார். டீ போட்டார். ஜன்னலை எல்லாம் சாத்தினார். ஃபேனையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

"பேசாம இரு" என்றார்.

மத்தியான நேரம். கீழே கார் சத்தம்கூட இல்லை.

ம்ம்ம்...

சுவரில் கிட்டார். அதே தந்தி. நான் எழுந்து போய் அதன்மேல் விரலை வைத்தேன். நின்றது. விரலை எடுத்தேன்... மறுபடியும்.

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"தினமும் இப்படித்தான். ஷீலா அவ வீட்டுக்கு வந்து இருக்கச் சொல்றா. இவரு இங்க கூப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது எப்படிலா போறது? நரம்புதான் கத்துதுன்னா நான் போயிடுறேன். வேற தந்தி போட்டாலும் கேட்டுச்சுன்னா அவருதான், போக மாட்டேன். நீதான் கூட இருந்து கேக்கணும்."

மூன்றாம் தந்தியைக் கழற்றி கார்பன் போட்டார். அதே சுருதி. உட்கார்ந்திருந்தோம். ஒன்றுமில்லை.

நைலான் போட்டார். பள்ளிவாசலில் அசர் பாங்கு சொன்னார்கள். அப்போதும் ஒன்றுமில்லை.

திரும்பவும் குடல் நரம்பு. அது சுருதியில் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது, அக்கா முறுக்கிக்கொண்டே இருந்தார். ஒரு வழியாக நின்றது. அவர் கையை எடுப்பதற்குள் முனகியது.

"அப்ப நரம்புதான்" என்றார் அக்கா.

நிம்மதியா ஏமாற்றமா என்று அந்தக் குரலில் எனக்குத் தெரியவில்லை. கத்தரிக்கோலை எடுத்து அதைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டார். "ஷீலாகிட்ட சொல்லிடு, வரேன்னு." பிறகு முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் அழுதார்.

வீடு மாறிய அன்று நானும் போயிருந்தேன். கட்டில், அலமாரி, கிட்டார் எல்லாம் லாரியில் முன்னாலேயே போய்விட்டன. ஷீலா கீழே காரில் இருந்தாள். காலி வீடு. சுவரில் ஆணி மட்டும்.

அக்கா கதவைப் பூட்டினார். சாவியை உருவவில்லை.

உள்ளே சத்தம் வந்தது.

ம்ம்ம்...

ஒரு தந்திகூட அந்த வீட்டில் இல்லை.

அக்கா என்னைப் பார்த்தார். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா..."

அவர் திறந்துகொண்டு உள்ளே ஓடிவிடுவார் என்று நினைத்தேன். போகவே மாட்டார் என்றும் நினைத்தேன். அக்கா கதவில் நெற்றியை வைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"நான் ஷீலா வீட்டுக்குப் போறேங்க. செபராங் ஜெயா. கடல் பாலத்தத் தாண்டி வரணும். மார்க்கெட்டுக்குப் பின்னால, மூலை வீடு... பச்சை கேட்டு."

சத்தம் நின்றது.

ஷீலா கீழேயிருந்து ஹார்ன் அடித்தாள். அக்கா சாவியை உருவி ஹேண்ட்பேக்கில் போட்டார்.

அதன்பிறகு அவர் நைலான் தவிர வேறு எதுவும் போட்டதில்லை. ஷீலா வீட்டு ஹாலில் ஒருநாள் அவர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். "அண்ணன்... வந்தாராக்கா?"

வாசிப்பை நிறுத்தாமல் சொன்னார். "உனக்கு எதுக்குலா அதெல்லாம். கறிபஃப் ஆறுது, எடுத்துக்க."

நாளை காலை சர்ச்சில் பூசை, பிறகு அடக்கம். இன்று சாயந்திரம் ஷீலா வீட்டில் ஜெபம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

நான் இப்போதே கிளம்புகிறேன். பாலத்தில் ஜாம் என்கிறார்கள்.

வரேங்க்கா.